ஹோர்ன் பெட்டிக்கு எந்த வூஃபர்? வாட் கணக்கை விட்டுவிட்டு அளந்து பார்ப்போம்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்த ஸ்பீக்கர் கடைக்குள் நுழைந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான் போகும். "எத்தனை வாட் அண்ணா?" "ஆயிரத்தைந்நூறு தம்பி, காந்தத்தைத் தூக்கிப் பாருங்க." தூக்கிப் பார்க்கிறோம், கனக்கிறது, காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். சாதாரணப் பெட்டிக்கு இந்த முறை ஓரளவு தப்பிவிடும். வூஃபர் என்ற பேஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் விரிந்துபோகும் குழல் வைத்த ஹோர்ன் பெட்டிக்குத் தப்பாது.

நானும் அப்படித்தான் வாங்கினேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்காக இரண்டு மடிப்பு ஹோர்ன் பெட்டிகள் செய்து, கடையில் இருந்ததிலேயே பெரிய 18 அங்குல வூஃபர்களைப் போட்டோம். அடியில் 'உம்' என்று ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். தவில்காரர் குச்சியால் அடித்த அடி மேடைக்கு முன்னால் நின்றவருக்கே நெஞ்சில் படவில்லை. அம்ப்ளிஃபையரைக் கூட்டினோம், முனகல்தான் கூடியது. பிறகு வீட்டில் அந்த வூஃபரை அளந்து பார்த்தபோது காரணம் இரண்டே எண்களில் இருந்தது. அந்த இரண்டு எண்களையும் நீங்களே எடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செயின் கழன்ற சைக்கிள்

முதலில், ஹோர்ன் எதற்கு? செயின் கழன்ற சைக்கிளை மிதித்துப் பாருங்கள். கால் வேகமாகச் சுற்றும், மூச்சு வாங்கும், சைக்கிள் நகராது. வெறும் பெட்டியில் இருக்கும் வூஃபரின் நிலை ஏறக்குறைய இதுதான். கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது, ஆனால் காற்று மிக இலேசானது என்பதால் பிடி கொடுக்காமல் விலகிவிடுகிறது. சாதாரண வூஃபர் வாங்கும் மின்சக்தியில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து சில பங்குகள்தான் ஒலியாக வெளியே வருகின்றன. மீதி முழுவதும் காந்தத்துக்குள் ஆடும் கம்பிச் சுருளான கொயிலில் சூடாகப் போகிறது.

ஹோர்ன் அந்தச் செயினை மாட்டிவிடுகிறது. கூம்புக்கு முன்னால் ஒடுங்கிய வழி ஒன்று, அது மெல்ல மெல்ல விரிந்து பெரிய வாயில் முடிகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்றுக்கு விலகி ஓட இடமில்லை, ஆகவே கூம்புக்கு எதிராக நின்று அழுத்தம் கொடுக்கிறது. அந்த அழுத்தம் விரிந்துகொண்டே போய் வாயில் வெளிக்காற்றோடு கலக்கிறது. தூரத்தில் நிற்பவரைக் கூப்பிட இரண்டு கையையும் வாயருகே குவிக்கிறோமே, அதுவும் இதுதான். நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசும் அதே குடும்பம். நன்றாக அமைந்த ஹோர்னில் மின்சக்தியின் கால் பங்கு, சில வேளை அதற்கு மேலும், ஒலியாகும். நூறு வாட் அம்ப் ஒன்று பெரிய வளாகத்தையே நிரப்புவது இதனால்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: பருமன். ஹோர்ன் எவ்வளவு மெதுவாக விரிகிறதோ அவ்வளவு தாழ்ந்த சுரம் வரை அது வேலை செய்யும். அந்தத் தாழ்ந்த எல்லைக்கு வெட்டு மீடிறன் என்று பெயர். மீடிறன் என்றால் ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதுதான், அதன் அலகு ஹெர்ட்ஸ், உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். வெட்டு மீடிறனுக்குக் கீழே ஹோர்ன் ஹோர்னாக இருக்காது, செயின் மறுபடி கழன்றுவிடும்.

வாயும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். கொழும்பின் 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அலைநீளம் 8.7 மீற்றர். திறந்தவெளியில் தொங்கும் ஹோர்னின் வாயைச் சுற்றி அளந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட அவ்வளவு வர வேண்டும், அதாவது 6 சதுர மீற்றர் வாய். யாராலும் அதை லொறியில் ஏற்ற முடியாது. நிலத்தில் வைத்தால் பாதி போதும், சுவரோடு சேர்த்தால் அதிலும் பாதி, அறை மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு. அமெரிக்காவில் போல் கிளிப்ஷ் 1946இல் விற்கத் தொடங்கிய மூலை ஹோர்ன் இந்தக் கணக்கில் பிறந்ததுதான். வூஃபர் ஒன்றை வைத்து, வீட்டின் இரண்டு சுவர்களையும் ஹோர்னின் நீட்சியாக்கிவிட்டார். திருவிழாக்களில் நான்கு பெட்டிகளைப் பிரிக்காமல் ஒட்டி அடுக்குவதும் இதற்காகத்தான், நான்கு வாயும் சேர்ந்து ஒரே பெரிய வாயாக நடக்கும். இரண்டை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் வைப்பவர்கள் அந்த நன்மையில் பாதியை இழக்கிறார்கள்.

இதுவரை சொன்னது: ஹோர்ன் காற்றைக் கூம்புக்குப் பிடிகொடுக்க வைக்கிறது, அதனால் குறைந்த சக்தியில் அதிக ஒலி. எவ்வளவு தாழ்ந்த பேஸ் என்பதைப் பெரும்பாலும் பெட்டியின் விரிவும் வாயும் தீர்மானிக்கின்றன, வூஃபரின் அங்குலம் அல்ல.

அப்படியென்றால் வூஃபர் எதைத் தீர்மானிக்கிறது?

மேல் எல்லையை. இதுதான் பலருக்கும் தெரியாமல் போகிற இடம்.

சுளகில் அரிசி புடைப்பதை நினைத்துப் பாருங்கள். அரைச்சுண்டு அரிசி என்றால் கை வேகமாக ஆடும். இரண்டு கொத்தைக் கொட்டினால் அதே கையால் மெதுவாகத்தான் ஆட்ட முடியும், வேகமாக ஆட்டப் பார்த்தால் சுளகு அசையவே மாட்டேன் என்கிறது. வூஃபரில் கை என்பது காந்தமும் கொயிலும் சேர்ந்த மோட்டார். அரிசி என்பது கூம்பு, கொயில், அவற்றோடு ஒட்டி ஆடும் எல்லாவற்றின் நிறை. மீடிறன் ஏற ஏற ஆட்ட வேண்டிய வேகமும் ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் மோட்டாரின் பலம் முழுவதும் சொந்த நிறையை இழுக்கவே சரியாகிவிடும், காற்றைத் தள்ள மிச்சமிருக்காது. ஹோர்னில் அந்தக் கட்டத்துக்கு நிறை முனை என்று இங்கே பெயர் வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே மீடிறன் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் சரியும்.

நல்ல செய்தி, நிறை முனையைக் கண்டுபிடிக்க இரண்டே எண்கள் போதும். ஒன்று பரிவு மீடிறன். கூம்பை விரலால் தட்டிவிட்டால் அது தானாக எந்த மீடிறனில் ஆடுமோ அது. மற்றது மின் க்யூ. ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று பார்ப்பது போல, மோட்டார் தன் கூம்பை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிறுத்துகிறது என்பதைச் சொல்லும் எண் இது. எண் சிறிதென்றால் பிடி இறுக்கம், மோட்டார் பலம்.

பரிவு மீடிறனை இரண்டால் பெருக்கி மின் க்யூவால் வகுத்தால் நிறை முனை வந்துவிடும். ஸ்பீக்கருக்கு இப்படி எண்கள் கொடுக்கும் முறையை 1961இல் அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கிவைத்தார், 1970களில் ரிச்சர்ட் ஸ்மோல் விரித்து எழுதினார், அதே எண்களை வைத்து பேஸ் ஹோர்ன் வடிவமைப்பது எப்படி என்று டி. பி. கீல் 1977இல் காட்டினார். நமக்கு அந்தப் பெருங்கணக்கு எல்லாம் வேண்டாம், இந்த ஒரு வகுத்தலே போதும்.

என் 18 அங்குல வூஃபரின் பரிவு மீடிறன் 31 ஹெர்ட்ஸ், மின் க்யூ 0.71. அறுபத்திரண்டை 0.71ஆல் வகுத்தால் 87 ஹெர்ட்ஸ். பெட்டியோ 250 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்ய வேண்டியது. தவிலின் அடி நெஞ்சில் மோதும் பகுதி பெரும்பாலும் அந்த 87க்கு மேலேதான் இருக்கிறது, அங்கே வூஃபர் ஏற்கெனவே களைத்துவிட்டது. பெட்டியில் பிழையில்லை. தச்சரிலும் பிழையில்லை, அவரைத்தான் அன்று எல்லோரும் ஏசினார்கள், அது எனக்கு இன்றும் மனவருத்தம்.

சுருக்கமாக: ஹோர்ன் பெட்டியின் கீழ் எல்லை பெட்டியிடம், மேல் எல்லை வூஃபரிடம். மேல் எல்லை வேண்டுமானால் கூம்பு இலேசாகவும் மோட்டார் பலமாகவும் இருக்க வேண்டும்.

கடையில் நம்மை ஏமாற்றும் அடையாளங்கள்

வாட் என்பது கொயில் எரியாமல் எவ்வளவு தாங்கும் என்பது மட்டுமே. எவ்வளவு ஒலி தரும் என்று அது சொல்லாது. லேபிளில் போட்டிருப்பது உண்மையா என்பதும் வேறு கதை. காந்தத்தின் கனமும் ஆதாரமில்லை, நியோடிமியம் காந்தம் பெரைட் காந்தத்தை விட மிக இலேசாக இருந்துகொண்டே அதே பலத்தைத் தரும்.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கடையில் ஒரு பாட்டுப் போட்டு இரண்டு வூஃபரையும் ஒப்பிட்டுக் காட்டுவார்கள். சாதாரணப் பெட்டியிலோ மேசையிலோ வைத்துக் கேட்டால் மின் க்யூ பெரிதாக இருப்பதுதான் 'பேஸ் அள்ளுது' என்று தோன்றும். ஹோர்னுக்கு ஏற்ற வூஃபர் அங்கே மெலிந்து, வறண்டு ஒலிக்கும். ஆகவே அந்தச் சோதனை நம்மை நேரே பிழையான பக்கத்துக்கே கூட்டிப்போகும்.

அதற்குப் பதிலாக ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. வூஃபரில் வயர் பூட்டும் இரண்டு முனையும் வெறுமையாக இருக்கும்போது கூம்பின் நடுவை விரலால் மெல்லத் தட்டுங்கள், 'டும்ம்' என்று கொஞ்சம் இழுபடும். இப்போது ஒரு துண்டு வயரால் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொடுத்துவிட்டு அதே இடத்தில் தட்டுங்கள். நல்ல மோட்டாரென்றால் சத்தம் 'டப்' என்று செத்துவிடும். ஆடும் கொயில் தானே மின்னை உண்டாக்கித் தன்னையே பிடித்து நிறுத்துகிறது. இரண்டு தட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்த வூஃபரை ஹோர்னுக்கு எடுக்க வேண்டாம்.

பழையதை வாங்குபவர்கள் இன்னும் கவனம். நம் ஊரில் கொயில் எரிந்தால் கூம்போடு மாற்றி விற்பது வழமை, அதில் தவறில்லை. ஆனால் கிடைத்த கனமான கூம்பை ஒட்டிவிட்டால் மேலே நல்ல கம்பனிப் பெயர் இருந்தாலும் உள்ளே வேறு வூஃபர், கம்பனி வெளியிட்ட எண்கள் இனி அதற்குப் பொருந்தாது. அளக்கத்தான் வேண்டும். கூம்பை இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்து அழுத்தியும் பாருங்கள், உள்ளே உரசும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். விளிம்பு நுரைப்பஞ்சா துணியா என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் நுரைப்பஞ்சு விளிம்பு சில வருடங்களில் கையோடு உதிர்ந்து வருவதை நான் கண்டிருக்கிறேன். பசை பூசிய மடிப்புத் துணி விளிம்புதான் இங்கே நீடிக்கும்.

வீட்டிலேயே அளப்பது

தேவையானவை: ஒரு சிறிய அம்ப், மீடிறன் உருவாக்கும் இலவச செயலி உள்ள போன், ஒரு மல்டிமீற்றர், 100 ஓம் தடை ஒன்று, 5 வாட் தாங்குவதாக இருந்தால் நல்லது.

புதிய வூஃபரை அளப்பதற்கு முன் சில மணி நேரம் 20 அல்லது 25 ஹெர்ட்ஸில் மெல்ல ஆட விடுங்கள், கூம்பைத் தாங்கும் துணி இளகும். பிறகு அதைக் காந்தத்தோடு பிடித்து நிமிர்த்தி நிறுத்துங்கள். கூம்பு சுவரைப் பார்ப்பது போல நிற்க வேண்டும், பின்னால் காந்தத்தில் ஓட்டை இருந்தால் அது அடைபடக்கூடாது. தரையில் மல்லாத்தி வைத்து அளந்தால் கனத்த கூம்பு தொய்ந்து எண் மாறும்.

முதல் வேலை, எதுவும் இணைக்காமல் மல்டிமீற்றரால் கொயிலின் தடையை அளப்பது. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் 5, 6 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். என்னிடம் இருக்கும் பழைய 15 அங்குல வூஃபரில் அது 5.2 ஓம்.

அடுத்தது, அம்பிலிருந்து வரும் வயரில் 100 ஓம் தடையையும் வூஃபரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, ஒலியளவைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். கூம்பு கண்ணுக்குத் தெரிந்து ஆடினால் அதிகம். ஒரு மீடிறனில் வூஃபருக்குக் குறுக்கே உள்ள வோல்ட்டை அளந்து, தடைக்குக் குறுக்கே உள்ள வோல்ட்டால் வகுத்து, நூறால் பெருக்கினால் அந்த மீடிறனில் வூஃபரின் இம்பீடன்ஸ் கிடைக்கும். மாறிவரும் மின்னுக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்புக்கு அதுதான் பெயர். இப்போது 15 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறுங்கள். எண் ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் உச்சம் தொட்டு மறுபடி இறங்கும். உச்சம் இருக்கும் இடமே பரிவு மீடிறன். என் வூஃபரில் 40 ஹெர்ட்ஸில் 130 ஓம்.

மின் க்யூவுக்கு இன்னும் மூன்று அடி. 130ஐ 5.2ஆல் வகுத்தால் 25. அதன் வர்க்கமூலம் 5. கொயில் தடையை அந்த ஐந்தால் பெருக்கினால் 26 ஓம். உச்சத்தின் இரண்டு பக்கத்திலும் இம்பீடன்ஸ் சரியாக 26 ஓம் வரும் மீடிறன்களைத் தேடுங்கள். எனக்குக் கீழே 28.5, மேலே 56.1. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உச்சத்தின் மீடிறன் வர வேண்டும், 39.99 வந்தது, ஆக அளவு சரி. இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ பிழை, திரும்ப அளக்க வேண்டும்.

மேல் மீடிறனிலிருந்து கீழதைக் கழித்தால் 27.6. பரிவு மீடிறன் 40ஐ வர்க்கமூலம் ஐந்தால் பெருக்கி 27.6ஆல் வகுத்தால் 7.25, இது உராய்வை மட்டும் காட்டும் இயந்திர க்யூ. அதை, முன்பு வந்த 25இல் ஒன்று குறைத்து, 24ஆல் வகுத்தால் 0.302. இதுதான் நாம் தேடிய மின் க்யூ. எண்பதை 0.302ஆல் வகுத்தால் 265 ஹெர்ட்ஸ். 87 எங்கே, 265 எங்கே!

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் கூம்பைத் தாங்கும் துணியை ஈரம் மாற்றும், பழக்கத்தில் துணி இளகும், பரிவு மீடிறன் 40 என்பது 36 ஆகலாம். ஆனால் மின் க்யூவும் கூடவே அதே விகிதத்தில் இறங்கும். ஆகவே ஒன்றை மற்றதால் வகுத்த எண் கிட்டத்தட்ட அசையாது. துணியின் இறுக்கத்துக்கு அதில் பங்கே இல்லை, மோட்டாரின் பலமும் நிறையும் மட்டும்தான் உண்டு. அதனால்தான் நம்பி வாங்க அந்த எண் உதவுகிறது.

ஆடும் நிறையையும் தெரிந்துகொள்ள விரும்பினால், கூம்பின் நடுவில் 60 கிராம் பிளாஸ்டிசின் ஒட்டிப் பரிவு மீடிறனை மறுபடி பாருங்கள். நாணயம் வைக்காதீர்கள், இங்கே புழங்கும் நாணயங்கள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுபவை, காந்தம் இழுத்து அளவைக் கெடுத்துவிடும். எனக்கு 40 என்பது 32 ஆனது. நாற்பதை 32ஆல் வகுத்து, அதை வர்க்கித்து, ஒன்றைக் கழித்தால் 0.5625. அறுபதை அதனால் வகுத்தால் 107 கிராம். கூம்பு மாற்றப்பட்ட வூஃபரா என்று சந்தேகம் வந்தால் இந்த எண்ணைக் கம்பனி எண்ணோடு ஒப்பிடலாம்.

கையால் அளக்கப் பொறுமையில்லாதவர்கள் கணினியில் ரூம் ஈக்யூ விசர்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம், அது கோட்டையே வரைந்து தரும். ஆனாலும் முதல் தடவையாவது கையால் செய்யுங்கள். உச்சத்தை நோக்கி எண் ஏறுவதைக் கண்ணால் கண்ட பிறகு அந்தக் கோடு வேறு மாதிரித் தெரியும்.

பெட்டிக்குள் போட்ட பிறகு

பெட்டி செய்வதற்கு முன் எண்களை ஹோர்ன்ரெஸ்ப் என்ற மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள், டேவிட் மக்பீன் எழுதியது, இலவசம். பிளைவுட் பலகை விற்கும் விலையில் கணினியில் பத்துப் பெட்டி வெட்டிப் பார்த்துவிட்டு மரத்தில் ஒன்றை வெட்டுவது நல்லது.

கூம்பின் பரப்பைவிட ஹோர்னின் ஒடுங்கிய தொடக்கமான கழுத்து இரண்டு, மூன்று மடங்கு சிறியதாக இருப்பது வழமை. அவ்வளவு அழுத்தத்தை மெல்லிய கூம்பு தாங்காது, கசங்கிவிடும். இலேசாகவும் வேண்டும், விறைப்பாகவும் வேண்டும் என்பதால்தான் இந்த வகை வூஃபர் விலை கூட.

வெட்டு மீடிறனுக்குக் கீழே போகும் ஒலியை அம்புக்கு முன்னாலேயே மறித்துவிடுங்கள். அங்கே செயின் கழன்ற நிலைதான், முன்பக்கம் காற்றின் பிடியில்லாமல் கூம்பு கண்டபடி பாயும். மைக் கீழே விழுந்த ஒரு அடி போதும், கொயில் பின்தட்டில் மோதிவிடும்.

கடைசியில், பெட்டியைப் பூட்டிய பிறகும் இம்பீடன்ஸை ஒரு முறை அளந்து பார்ப்பேன். இப்போது ஒரு உச்சத்துக்குப் பதிலாகச் சிறிய மலைகள் பல தெரியும், அது சரி. இரண்டு பெட்டியும் ஒரே மாதிரிச் செய்தவை என்றால் இரண்டின் மலைகளும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். போன மாதம் ஒன்றில் முதல் மலை தாழ்ந்து, அகன்று கிடந்தது. 30 ஹெர்ட்ஸை ஓட விட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு போனேன். வூஃபருக்குப் பின்னால் இருக்கும் அறையின் கீழ் மூலையில் நேராக எழுந்துகொண்டிருந்த புகை படபடவென்று அடித்தது. கிளறிப் பார்த்தால் ஆணித் தலை அளவு ஒரு ஓட்டை, பசை போய்ச் சேராத இடம்.